காற்றாலையும் கணினியும் வேலை தருமா?

தலைமன்னார்ப் பக்கம் போனால், தென்கரையோரம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் கண்ணில் படும். இலங்கை மின்சார சபையின் 'தம்பபவனி' நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட் கொள்ளளவு. "இவ்வளவு பெரிய திட்டம் வந்தும் எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் வேலையில்லை?" என்பது பெற்றோரின் நியாயமான கேள்வி. விடையைப் பொருளியலில் தேடுவோம்.

முதலில் ஒரு வேறுபாடு. தம்பபவனி ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியால் அமைந்தது. அது அரசின் சொத்து. வெளிநாட்டு நேரடி முதலீட்டில், வெளிநாட்டுக் கம்பனியே பணத்தைப் போட்டுத் தொழிலை நடத்தும். மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க இந்தியாவின் அதானி நிறுவனம் முன்வைத்த 442 மில்லியன் டொலர் திட்டம் இவ்வகையானது. 2025 பெப்ரவரியில் அது விலகிக்கொண்டது.

எல்லா முதலீடும் ஒரே அளவில் வேலை தராது. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் உழைப்புச் செறிவானவை. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அங்கே வேலை பெற்றனர். காற்றாலையோ மூலதனச் செறிவானது. வீதி போடவும் அத்திவாரம் இடவும் பலர் வேண்டும். கட்டி முடிந்தபின் சிலர் போதும். கண்காணிப்பைக் கணினி செய்கிறது. பழுதுபார்க்க மின், இயந்திரப் பயிற்சி தேவை. வேலை இருந்தும் நம் திறன் அதற்குப் பொருந்தாவிட்டால், அது அமைப்புசார் வேலையின்மை. இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: புதிய வேலைகளைக் கூட்டும்போது, தொழில் பாதிக்கப்படும் என்று அஞ்சும் கரையோர மீனவரின் இழப்பைக் கழிக்கவும் வேண்டும்.

எஸ்தோனியாவைப் பாருங்கள். 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெற்று, சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய சிறிய நாடு. பழைய ஆலைகள் மூடப்பட்டுப் பலர் வேலையிழந்தனர். 1996இல் அரசு 'புலிப் பாய்ச்சல்' என்ற பெயரில், பாடசாலைகளுக்குக் கணினியும் இணையமும் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. 2003இல் சுவீடன், டென்மார்க்கைச் சேர்ந்த இருவர் ஸ்கைப்பைத் தொடங்கியபோது, மென்பொருளை எழுதியவர்கள் எஸ்தோனியர்கள். திறன் அங்கே இருந்ததால் முதலீடு அங்கே வேலையானது. ஆனால் வடகிழக்கின் பழைய தொழில்நகரங்களில் வேலையின்மை நீண்டகாலம் உயர்ந்தே இருந்தது. புதிய தொழில் வந்தாலும், பழைய தொழிலை இழந்தவருக்கே அது கிடைப்பதில்லை.

இலங்கையில் உழைக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தொழிற்படையில் உள்ளார். வேலை தேடாதவர் வேலையற்றோர் கணக்கிலும் வரமாட்டார். ஆகவே பெற்றோரே, உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவை மகள் கேட்டால், "பெண்பிள்ளைக்கு ஏன்?" என்று உடனே மறுத்துவிடாதீர்கள். மாணவியரே, அடுத்த திட்டம் ஊருக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை வேலை? எவ்வளவு காலத்துக்கு? அதற்கு நாம் இன்று எதைப் படிக்க வேண்டும்?