விடுமுறைக்கு உறவு வந்தால்: பாகூர், வில்லியனூர் வீடுகளுக்கு 13 குறிப்புகள்

மார்கழி பிறந்தால் நம் புதுச்சேரிக் கொம்யூன்களில் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்) வீடுகளின் பூட்டு திறக்கும். பிரான்சிலிருந்து பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள். கரீபியன் கடலில் உள்ள குவாதலூப், மார்த்தினிக் தீவுகளிலிருந்தும் முன்னோர் மண்ணைத் தேடி விருந்தினர் வருவதுண்டு. 1853-லும் 1854-லும் ‘ஒரேலி’ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களில் தொடங்கிய வம்சம் அது. வருகிறவர்களுக்கு வேண்டியது ஓய்வு. ஊரைச் சுற்றிக் காட்டும் அவசரத்தில் அதை நாமே கெடுத்துவிடக் கூடாது.

1. மழை விட்டு நல்ல வெயில் அடித்ததும் மெத்தை, தலையணை, கம்பளிகளை மாடியில் இருபுறமும் காயவையுங்கள். சூடு ஆறிய பிறகு மடியுங்கள். சூட்டோடு மடித்தால் வேர்த்து வாடை வரும். அந்துருண்டை போட்ட பீரோத் துணிகளை ஒரு நாள் கொடியில் போட்டுக் காற்றாட விடுங்கள்.

2. மாலை ஐந்தரைக்கெல்லாம் ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். காய்ந்த நொச்சி இலைப் புகையைத் திண்ணையில் போடலாம். குழந்தைகள் தூங்கும் அறைக்குக் கொசுவலைதான் நல்லது. டெங்குக் கொசு பகலில் கடிப்பது. அதன் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும் என்பதால், தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய நீரை வாரம் ஒரு முறை கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள்.

3. குளிர்காலத்தில் பிரான்சு நேரம் நமக்கு நாலரை மணி பின்னால். குவாதலூப் நேரம் ஒன்பதரை மணி பின்னால். இங்கே மாலை 6 என்றால் பாரிசில் பகல் 1.30, குவாதலூப்பில் காலை 8.30. வந்த புதிதில் விடியற்காலை இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு பசிக்கிறது என்பார்கள். மேசையில் வாழைப்பழம், பிஸ்கட், பிளாஸ்கில் வெந்நீர் வைத்துவிட்டால் வீட்டார் தூக்கம் கெடாது.

4. முதல் இரண்டு நாள் இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம் போதும். கறியும் மீனும் மூன்றாம் நாளிலிருந்து தொடங்கட்டும்.

5. குடிநீரைத் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் அடுப்பிலேயே விட்டு இறக்குங்கள். ஆறவைத்து, மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றுங்கள். பல் துலக்கவும் அந்தத் தண்ணீரையே கொடுங்கள். கரும்புச்சாறு கேட்டால் ஐஸ் போடாமல், இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழிந்த உடனே குடிக்கச் சொல்லுங்கள்.

6. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் விசாவோடு வருகிறவரைத் தங்கவைத்தால், 24 மணி நேரத்துக்குள் அவர் வந்து தங்கிய விவரத்தை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இது ஓட்டலுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் பொருந்தும். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் படத்தை முன்பே வாங்கி வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

7. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர்ப் பக்கத்து ஆற்றோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. விருந்தினரின் பாஸ்போர்ட், டிக்கெட், மருந்துச் சீட்டு மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வையுங்கள். டார்ச், மெழுகுவர்த்தி, இரண்டு நாளுக்கான குடிநீர் கைவசம் இருக்கட்டும்.

8. ஊசுடு ஏரிக்குப் போவதானால் காலை ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள். வலசை வந்த ஊசிவால் வாத்துகளை அந்த நேரத்தில் அமைதியாகப் பார்க்கலாம். பாகூர்க்காரர்களுக்குப் பாகூர் ஏரிக்கரையே பக்கம். தொப்பி, தொலைநோக்கி, வீட்டுத் தண்ணீர் போதும். தீனிப் பொட்டலங்கள் வேண்டாம்.

9. டிசம்பர் 31 அன்று டவுன் பக்கமே போக வேண்டாம். கூட்டமும் வாகனக் கட்டுப்பாடும் பொழுதை விழுங்கிவிடும். அன்று பாகூர் மூலநாதர் கோயில், வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில், வில்லியனூர் மாதா கோயில் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஒரு நாளைக்கு ஓர் இடம் என்பதை வீட்டு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

10. குவாதலூப் விருந்தினர் ‘கொலம்போ’ குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அதன் மசாலாவில் மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் எல்லாம் நம்முடையவை. உறைப்பு மட்டும் தூளில் குறைவு. மல்லி 4 தேக்கரண்டி, சீரகம் 1, கடுகு அரை, வெந்தயம் கால் என்று வறுத்து, மஞ்சள் சேர்த்துப் பொடியுங்கள். ஆட்டுக்கறிக் குழம்பில் மிளகாய்த்தூளுக்குப் பதில் இதைப் போட்டு, பச்சைமிளகாயைத் தனியே அரைத்து ஓரமாக வையுங்கள். மார்கழியில் கறி சமைக்காத வீட்டில் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் இதற்குப் பொருத்தம்.

11. முன்னோர் பெயரைத் தேடி வந்தவர்களிடம் ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், கப்பல் ஏறிய ஆண்டு ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். பிரெஞ்சு எழுத்தில் நம் பெயர்கள் உருமாறியிருக்கும். சத்தமாகப் படித்துப் பார்த்தால் பிடிபடும். பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம், பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

12. திரும்பும் பயணத் தேதியைத் தை 5-க்குப் பின் வைக்கச் சொல்லுங்கள். அன்று நடக்கும் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழாவைப் பார்த்துவிட்டே போகலாம். வயதானவர்களைக் கூட்டம் சேருமுன் காலையிலேயே அழைத்துப் போய்த் திரும்புங்கள்.

13. பிரான்சுக்குப் போகிறவர்கள் பையில் பால்கோவா, நெய், கறி வகையறா என்று அள்ளிக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பண்டங்களும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் சிக்கல், தேங்காய்க்குத் தடையில்லை. வறுத்துப் பொடித்த மசாலாவை இரட்டை உறையில் ஒட்டிக் கொடுங்கள். வில்லியனூர்ச் சுடுமண் பொம்மை வாங்கினால் உள்ளே காலுறையைத் திணித்து, துண்டில் சுற்றி, கைப்பையில் வையுங்கள். எல்லாவற்றையும் கடைசி இரவில் கட்டாமல் இரண்டு நாள் முன்பே கட்டி எடைபோட்டுவிட்டால், புறப்படும் நாளில் வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்கலாம்.