பூங்கொத்து ஆர்டர்: உள்ளூர்ப் பூ விவசாயிக்கு ஒரு வரவுக் கணக்கு

குடியாத்தம் பக்கத்தில் சம்பங்கியோ செண்டுமல்லியோ போட்டிருக்கிற யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "பூ நல்லாத்தான் வந்துச்சு சார், விலைதான் வரல." ஆயுதபூஜைக்கு முதல் நாள் கைக்குக் கிடைக்காமல் பறக்கிற பூவை, பூஜை முடிந்த மூன்றாம் நாள் பறிகூலிக்கும் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறோம். நெல் என்றால் மூட்டை கட்டி வைத்துக் காத்திருக்கலாம். மஞ்சளையும் வைக்கலாம். பூவுக்கு அந்த வசதி கிடையாது. விடியலில் பறித்ததை வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். மண்டிக்காரருக்கும் இது தெரியும், நமக்கும் தெரியும். பேரம் தொடங்கும்போதே நாம் ஒரு படி கீழே நிற்கிறோம்.

மண்டியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. விளைச்சலில் நாலில் ஒரு பங்கை மட்டும், முன்கூட்டியே ஆர்டர் வாங்கி, பூங்கொத்தாகக் கட்டி (எல்லாரும் பொக்கே என்றுதான் சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம்) 15 கிலோமீட்டருக்குள் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்பதைத்தான் பார்க்கப்போகிறோம். வங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ பேருக்குப் பூச்சாகுபடிக் கடன் விண்ணப்பம் பார்த்திருக்கிறேன். ஏக்கருக்கு எத்தனை கிலோ, கிலோ என்ன விலை என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். யாருக்கு விற்பீர்கள் என்று ஒரு கட்டம் எதிலும் இருந்ததில்லை. இப்போது 20 சென்டில் நானே பூ போட்டிருக்கிறேன். அந்த விடுபட்ட கட்டம்தான் முக்கியம் என்று படுகிறது.

ஆர்டர் போனது, பூ போகவில்லை

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஆர்டர் கொடுத்துப் பூ அனுப்பும் தொழில் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1910-ல் அமெரிக்காவில் 15 பூக்கடைக்காரர்கள் ஓர் உடன்பாடு செய்தார்கள். ஒரு ஊரில் இருப்பவர் தூரத்து ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பூ அனுப்ப நினைத்தால், இந்த ஊர்க் கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு அந்த ஊர்க் கடைக்காரருக்குத் தந்தி அடிப்பார். அவர் தன் ஊரில் கிடைக்கும் பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். தந்திதான் பயணம் செய்தது, பூ செய்யவில்லை. வாடுகிற பொருளை விற்பதற்கு இதைவிடப் புத்திசாலித்தனமான வழி இருக்கிறதா, சொல்லுங்கள்.

இன்று அது தலைகீழாகிவிட்டது. ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜாவும் ஜெர்பராவும் பெங்களூருக்குப் போகிறது. அங்கே ஹெப்பாளில் பூ ஏல மையம் இருக்கிறது. நெதர்லாந்தில் ஆல்ஸ்மீர் ஏலக்கூடத்தில் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். முள் மேலிருந்து கீழே இறங்கும், விலையும் கூடவே இறங்கும், முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குச் சரக்கு. நம்ம மண்டியில் கடிகாரம் கிடையாது, வெயில்தான் அந்த வேலையைச் செய்கிறது. இப்படிக் கைமாறிக் கைமாறி ஐஸ் பெட்டியில் பயணம் செய்த ஜெர்பரா, குடியாத்தம் கல்யாண மண்டபத்து வாசலில் பிளாஸ்டிக் தாள் சுற்றி நிற்கிறது. மூன்று கிலோமீட்டரில் என் சம்பங்கி பூத்து நிற்கிறது.

சென்னையிலோ துபாயிலோ வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பையன், இங்கே இருக்கும் அம்மாவின் பிறந்தநாளுக்கு போனில் ஆர்டர் போட்டுப் பணத்தை அனுப்பிவிடுகிறான். 1910-ல் தந்தி செய்த வேலையை இன்று செல்போன் செய்கிறது. மறுமுனையில் பூவோடு நிற்க வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி. அது நாமாக இருக்கலாம்.

அந்த இடத்தில் நம்ம பூ இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெல்ஜியத்தில் கடைகளில் வாங்கிய ரோஜா, ஜெர்பரா, சாமந்திக் கொத்துகள் 90-ஐ ஆராய்ந்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 107 வகைப் பூச்சிமருந்து, பூஞ்சாண மருந்து எச்சங்கள் இருந்தன. சாப்பிடுகிற பொருள் இல்லை என்பதால் காய்கறிக்கு இருப்பதுபோல எச்ச அளவுக்கு வரம்பும் அங்கே பூவுக்கு இல்லை. பூவைச் சாப்பிடுவதில்லை, சரி. ஆனால் நாள் முழுக்க வெறும் கையால் பூக் கட்டுகிற அக்காக்கள் இருக்கிறார்களே? நாரைப் பல்லால் கடிக்கிறார்கள், அதே கையால் டீ குடிக்கிறார்கள். தலையில் வைக்கிறோம், குழந்தை முகத்தில் ஒற்றிக்கொள்கிறோம். மருந்தில்லாத பூ என்று சொல்லி விற்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை: ஆர்டருக்குப் பூ பற்றவில்லை என்று மண்டியில் வாங்கிச் சேர்த்தால், அதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். உள்ளூர் வாடிக்கை என்பது தோட்டத்தை நேரில் வந்து பார்க்கக்கூடிய வாடிக்கை. பி.ஜி.எஸ். குழுச் சான்று வேண்டும் என்றால் குறைந்தது 5 விவசாயிகள் சேர வேண்டும்.

யார் வாங்குவார்கள்?

கல்யாணம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். கல்யாணத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே நாளில் நிறையப் பூ கேட்பார்கள். ஒன்று தவறினாலும் ஊரெல்லாம் பேச்சாகிவிடும். ஆடி, மார்கழியில் முகூர்த்தமே கிடையாது.

வங்கிக்காரன் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சந்தை இருக்கிறது. வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் பணி ஓய்வு மாதத்தின் கடைசி நாளில்தான் வரும். யார், எந்த மாதம் என்பது வருஷத் தொடக்கத்திலேயே அந்த அலுவலகம் முழுக்கத் தெரியும். ஒவ்வொரு ஓய்வு விழாவுக்கும் மாலை ஒன்று, பொக்கே நாலைந்து கட்டாயம். இடமாற்றலில் போகிறவருக்கு, புதிதாக வருகிறவருக்கு என்று இன்னும் சில. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், பள்ளி ஆண்டு விழா, மருத்துவமனையில் குழந்தை பிறந்த வீடு, புதுக்கடைத் திறப்பு என்று சேர்த்துப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு பொக்கே என்பது பெரிய இலக்கு இல்லை. அலுவலகத்தில் இந்த வேலை பெரும்பாலும் ஒரே ஒருவர் தலையில் விழும், அவரைத் தெரிந்துகொண்டால் போதும்.

நம்ம பகுதிக்கே உரிய தேவைகளும் இருக்கின்றன. ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் உருது பேசும் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால் தொங்கவிடும் பூச்சரம், சேரா என்பார்கள். அதற்குச் சம்பங்கி உதிரிப்பூவும் மல்லிகையும் சீரான அளவில் வேண்டும். அப்புறம் வைகாசி முதல் தேதி, கோபாலபுரம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் குடியாத்தத்தில் பூ என்று எது வந்தாலும் போகும்.

தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மண்டிக்கு வளர்ப்பவர் மழையைப் பார்த்து விதைக்கிறார். ஆர்டருக்கு வளர்ப்பவர் காலண்டரைப் பார்த்து விதைக்க வேண்டும். செண்டுமல்லி நாற்றங்காலில் சுமார் 30 நாள், நட்ட பிறகு சுமார் 60 நாள், ஆக 90 நாள். மொத்தமாக ஒரே நாளில் விதைக்காமல் 15, 20 நாளுக்கு ஒரு பாத்தி என்று விட்டுவிட்டு விதைத்தால் பூ தொடர்ந்து கிடைக்கும். நட்ட ஒரு மாதத்தில் நுனி கிள்ளினால் கிளை அதிகம், பூ எண்ணிக்கை அதிகம், ஆனால் பூப்பது சில நாள் தள்ளும். தேதியைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையில் பூ சிறுக்கும்.

சாமந்தி நம்ம சொல் கேட்காது. பகல் குறையும்போதுதான் அது மொட்டு வைக்கும். சித்திரை, வைகாசியில் நட்டு ஆயுதபூஜை முதல் தை வரைக்கும் ஆர்டர் எழுதலாம். மற்ற மாதத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பொக்கேவுக்கு முதுகெலும்பு சம்பங்கிதான். ஒற்றை அடுக்கு உதிரிப்பூவுக்கு, இரட்டை அடுக்கு தண்டோடு வெட்டுவதற்கு என்பது பொது விதி. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த பிரஜ்வல் ஒற்றை அடுக்கு என்றாலும் இரண்டுக்கும் உதவும். சிறு விவசாயிக்கு இதுதான் வசதி, ஆர்டர் இல்லாத நாளில் உதிர்த்து மண்டிக்குப் போட்டுவிடலாம். 25 முதல் 30 கிராம் கிழங்காகப் பார்த்து, 45-க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் மூன்று மாதத்துக்கு மேல் பூ வரும். சம்பங்கிக்கு வேர்முடிச்சு நூற்புழு ஒரு தொல்லை. செண்டுமல்லியின் வேரில் அந்த நூற்புழுவை அடக்கும் பொருள் இருக்கிறது. அதனால் செண்டுமல்லி எடுத்த பாத்தியில் சம்பங்கி, சம்பங்கி தோண்டிய பாத்தியில் செண்டுமல்லி என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். ஓரத்தில் கோழிக்கொண்டை, வாடாமல்லி, மரிக்கொழுந்து, துளசி. வாடாமல்லி பெயருக்கு ஏற்றபடி காய்ந்தாலும் நிறம் விடாது.

பேனுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், அதாவது லிட்டருக்கு 50 கிராம் பருப்பு. வெட்டுவதற்கு மூன்று நாள் முன்பே எல்லாத் தெளிப்பையும் நிறுத்திவிடுங்கள். பஞ்சகவ்யம் செடிக்கு நல்லதுதான், ஆனால் அந்த வாசனை மணமேடைக்கு வரக்கூடாது பாருங்க.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. பாலாற்றங்கரையில் தோல் ஆலைக் கழிவால் கிணறுகள் உப்பேறிய கதை நமக்குப் புதிதில்லை. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதற்காக உப்பு மண்ணைவிட்டு எழுந்து போய்விடாது. பூ போடுமுன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். வெட்டின பூவை வைக்கிற வாளிக்கும் உப்புத்தண்ணீர் ஆகாது, ஆயுள் குறையும். மழைநீரை ஒரு பேரலில் பிடித்து மூடி வையுங்கள், பொக்கேவுக்கு அது போதும்.

வெட்டுவது, கட்டுவது, சேர்ப்பது

சம்பங்கித் தண்டை அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததும் வெட்ட வேண்டும். மேல் மொட்டுகள் வாங்கியவர் வீட்டில் விரியும். ரோஜா மொட்டு லேசாக வாய் திறக்கும்போது. சாமந்தியும் செண்டுமல்லியும் நன்றாக விரிந்த பிறகுதான், முன்னால் வெட்டினால் அப்படியே நின்றுவிடும். நேரம் விடியற்காலை அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. வாளியைப் பாத்திக்கே எடுத்துப்போங்கள். வெட்டின தண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் குழாய்க்குள் காற்று ஏறி அடைத்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் குடிக்காது. தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு, அடியைச் சாய்வாக மறுபடி ஓர் அங்குலம் வெட்டி, நாலைந்து மணி நேரம் நிழலில் நிறுத்துங்கள். லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வாளியை ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவ வேண்டும், பாக்டீரியாவும் குழாயை அடைக்கும்.

பூக்கடைகளில் பச்சைக் கட்டி ஒன்றை நனைத்து அதில் குத்துகிறார்களே, அது மட்காத பிளாஸ்டிக் நுரை. அமெரிக்காவில் ஸ்மிதர்ஸ் என்பவர் 1954-ல் கொண்டுவந்தது. நமக்கு வாழைமரத் துண்டு இருக்கிறது, ஈரமும் பிடிக்கும், குத்தினால் நிற்கும், முடிந்ததும் உரக்குழிக்குப் போகும். கட்ட வாழை நார், சுற்ற வாழை இலை அல்லது வெள்ளைக் காகிதம். எடுத்துப்போக வாழைப்பட்டையும் ஈரச்சாக்கும். சீர்த்தட்டில் பழுத்த வாழைப்பழத்தோடு ரோஜாவைச் சேர்த்து வைக்காதீர்கள் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். பழம் விடுகிற வாயுவில் பூ சீக்கிரம் தலை சாயும்.

கட்டுவதற்கு நான் என் கையை நம்புவதில்லை. ஊரில் பூக்கட்டும் பெண்மணி ஒருவரிடம் கொடுக்கிறேன். அவருக்குக் கூலி உடனே, அதே இடத்தில்.

கணக்கு

விலை நாளுக்கு நாள் மாறும், அதனால் இதை மாதிரிக் கணக்காக மட்டும் பாருங்கள். பொக்கே 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள பூவுக்கு மண்டி மதிப்பு 45. இலை, நார், காகிதம் 10. கட்டுகூலி 40. வண்டிச் செலவு 30. ரத்தாகிற, வாடிப்போகிற ஆர்டருக்காக 15 ஒதுக்குங்கள், இதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. மொத்தம் 140, கையில் 60. பூவின் மதிப்பு 45-ம் முழுசாக நம்முடையது, ஆக 105. இதே பூவை மண்டியில் போட்டால் கமிஷன் போக 40 வரும். பறிகூலி இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் சேர்க்கவில்லை. வாரம் ஆறு பொக்கேவில் கூடுதலாக 390 ரூபாய் வருகிறது. சிறிய தொகைதான், ஆனால் 20 சென்டில் ஒரு மூலைப் பூவுக்கு.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், இடம், எதற்காக, வாங்கிக்கொள்பவர் பெயர், என்ன பூ, அது இல்லாவிட்டால் எந்தப் பூ பரவாயில்லை. கடைசிக் கேள்வியை ஆர்டர் வாங்கும்போதே கேட்டு எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது. பாதிப் பணம் முன்பணம். சொந்தக்காரர்களிடமும் வாங்குங்கள், கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. துக்க வீட்டு மாலைக்கு மட்டும் நான் முன்பணம் கேட்பதில்லை.

சிரசுத் திருவிழாவுக்குச் செண்டுமல்லி வேண்டும் என்பவர்கள் 90 நாளைப் பின்னோக்கி எண்ணினால் மாசி முதல் வாரம் வரும். அதற்குள் விதை நாற்றங்காலில் விழுந்திருக்க வேண்டும். நுனி கிள்ளுகிறவர்கள் தை கடைசியிலேயே விதைத்துவிடுங்கள்.