பெருங் கட்டைகளை விறகாகப் பிளத்தல்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வகுக்கப்பட்ட மாநில எல்லை பாறசாலையை அடுத்துச் செல்கின்றது. இப்புறம் நெய்யாற்றங்கரைத் தாலுக்கா, அப்புறம் விளவங்கோடு. கோடாலி, ஆப்பு என்னும் சொற்கள் இருபுறத்து மொழிக்கும் பொது; இடர்ப்பாடும் பொதுவே. மா, பலா, புளி, ரப்பர் ஆகிய மரங்களை வீழ்த்தியபின் கிளைகள் விரைவில் விறகாகிவிடுகின்றன. இரண்டடி விட்டமுள்ள அடிக்கட்டைகளோ வேலியோரத்தில் கிடந்து கறையானுக்கு இரையாகின்றன.

பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருத்தல் கூடும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் செலவாகும். அதனால் தீ குளிர்ந்து, எரியாத ஆவிகள் புகையாக வெளிவருகின்றன. அப்புகையைச் சுவாசிப்போர் அடுப்பருகே இருக்கும் பெண்களும் குழந்தைகளும் ஆவர். நீர் நாரின் போக்கில் எளிதாகவும், குறுக்கே மிக மெதுவாகவும் வெளியேறும். பட்டை அதனை மேலும் தடுக்கும். ஆதலின் கட்டையைப் பிளந்தாலன்றி அது விரைவில் உலராது. ஜனவரியில் பிளந்து, தரையில் படாமல் அடுக்கினால் இடவப்பாதி மழைக்குமுன் பெரும்பாலும் உலர்ந்துவிடும். ரப்பர்க் கட்டையில் பூஞ்சையும் துளைப்பூச்சியும் சில வாரங்களிலேயே பற்றுமாதலால் தாமதம் கூடாது.

பெருங்கட்டையின் நடுவில் கோடாலியை ஓங்குவது வீண் உழைப்பு. முகப்பில் இயற்கையாகத் தோன்றியுள்ள வெடிப்பைக் கண்டு, அதன் வழியே விளிம்பருகில் இரும்பு ஆப்பை இறக்க வேண்டும்; பிளவு நீண்டபின் அடுத்த ஆப்பு. நார் பின்னிய புளியங்கட்டையை இரண்டாகப் பிளக்க முயலாது, சுற்றிலும் பலகை பலகையாகச் சீவி எடுத்தலே எளிது. கவையும் கணுவும் உள்ள பகுதியை இறுதியில் வைத்துக்கொள்க. ஆப்பின் தலை காளான்போல் விரிந்திருப்பின் அரத்தால் தேய்த்த பின்னரே பயன்படுத்துக. அவ்விளிம்பிலிருந்து தெறிக்கும் இரும்புச் சில்லு கண்ணைப் போக்கிவிடும். கோடாலியையே ஆப்பாகக் கொண்டு சம்மட்டியால் அடிப்பதும் இத்தகைய தவறே.

இவ்வாறும் பிளவாத கட்டைக்குச் சங்கிலி வாள் உதவும். கட்டையை நிறுத்தி மேல்முகப்பிலிருந்து அறுத்தால் வேலை மெதுவாகும். சங்கிலியும் விரைவில் மழுங்கும். படுக்கவைத்து, உருளாதபடி முட்டுக் கொடுத்து, நாரின் நீளவாக்கில் அறுத்தால் நீண்ட சுருள்கள் வெளிவரும். அவை சங்கிலிச் சக்கரத்தின் மூடியுள் அடைத்துக்கொள்ளுமாதலால், பொறியை நிறுத்தி அவ்வப்போது அகற்றுக. வாளின் நுனியில் மேற்பகுதி மரத்தில் பட்டால், வாள் கணப்பொழுதில் முகத்தை நோக்கி எழும்பும். கண்ணாடி, செவிக்காப்பு, காலணி ஆகியவையின்றி இதனை இயக்க அனுமதித்தலாகாது. அறுக்கும் பிளவில் இரும்பு ஆப்பு வைப்பதும் தவறு. மர ஆப்பே தக்கது. கட்டை இரண்டானதும் வாளை வைத்துவிட்டுக் கோடாலியை எடுக்கலாம்.

பள்ளிகளில் ஒரே மரத்தின் இரு துண்டுகளை, ஒன்றைப் பிளந்தும் ஒன்றைப் பிளக்காமலும், கூரையடியில் வைத்து வாரந்தோறும் நிறுத்துக் குறிக்கச் செய்யலாம். பிளந்ததன் துண்டுகள் அனைத்தையும் சேர்த்து நிறுத்தல் வேண்டும். மாணவர் பெரும்பாலும் இதனை மறந்துவிடுவர்.