தோள் எலும்பு விலகினால்: ஆபரேஷனா, கைத்தொட்டிலா?



இந்த மாத நலப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது தோள்பட்டை. வரப்பில் வழுக்கி விழுகிறோம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது விழுகிறோம். சுமையோடு படியில் தடுக்கி விழுகிறோம். கை கால் முறிந்தால் என்ன செய்வது என்று நமக்கு ஓரளவு தெரியும். ஆனால் தோளின் உச்சியில் எலும்பு விலகி, மேட்டுக்கட்டி போல நின்றால் எல்லோரும் பயந்துவிடுகிறோம். பயத்தில் எடுக்கும் முடிவு பல நேரம் கடனில் போய் முடிகிறது. அதனால்தான் இந்தப் பாடம்.

ஒரு உறுப்பினரின் அனுபவம்

நம் உறுப்பினர் ஒருவர் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது வண்டியிலிருந்து விழுந்துவிட்டார். வலது தோள் தரையில் மோதியது. எக்ஸ்ரே எடுத்த இடத்தில், "எலும்பு விலகியிருக்கு, நாளைக்கே பிளேட் வைக்கணும், 60,000 ரூபாய் கட்டுங்க" என்றார்கள். வீட்டில் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்கள். மீதிப் பணத்துக்குக் குழுவில் அவசரக் கடன் கேட்டார்கள்.

குழுவின் பிரதிநிதி ஒரு கேள்விதான் கேட்டார்: "நாளைக்கே செய்யலேன்னா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரா?" வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. கேட்கவேயில்லை. மறுநாள் பிரதிநிதியும் கூடப் போய், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் படத்தைக் காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டு, "இது மூணாவது நிலை. கையைத் தொட்டிலில் போட்டு வைப்போம், அப்புறம் பயிற்சி செய்வோம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, பார்க்கலாம்" என்றார். கடன் வாங்கவில்லை. நகையும் வீட்டிலேயே இருந்தது. நாலு மாதத்தில் அந்த அக்கா பழையபடி குடம் தூக்கினார். தோளில் மேடு மட்டும் இன்றும் இருக்கிறது. "பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கு, வலி இல்லை" என்கிறார்.

எல்லோருக்கும் இப்படித்தான் முடியும் என்று நாம் சொல்லவில்லை. யாருக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொள்வோம்.

எது விலகுகிறது?

கழுத்துக்குக் கீழே முன்பக்கம் குறுக்காக ஓடும் எலும்பைத் தடவிப் பாருங்கள். அது காறை எலும்பு. அதன் வெளிமுனை தோள் உச்சியில் தோள்பட்டை எலும்போடு சேர்கிறது. அந்தச் சின்ன மூட்டைச் சில நார்கள் கட்டி வைத்திருக்கின்றன. மூட்டைச் சுற்றி ஒரு கட்டு. சற்று உள்ளே தள்ளி, காறை எலும்பைக் கீழே பிடித்திருக்கும் இன்னொரு பலமான கட்டு. தோள் தரையில் மோதும்போது இந்த நார்கள் இழுபடும், அல்லது அறுந்துவிடும்.

அறுந்தால் எலும்பு மேலே ஏறிவிட்டது போலத் தெரியும். உண்மையில் கையின் கனம் தாங்காமல் தோள்தான் கீழே இறங்குகிறது. அதனால்தான் கையைத் தாங்கிப் பிடித்தவுடன் வலி குறைகிறது.

ஒன்றைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தோளின் பந்துக் கிண்ண மூட்டு நழுவுவது வேறு. அதில் கையைக் கொஞ்சமும் அசைக்க முடியாது, தோளின் உருண்டை வடிவம் தட்டையாகிவிடும். அதை அன்றைக்கே மருத்துவமனையில் உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டும். தள்ளிப்போடக் கூடாது. எது நழுவியது என்பதை எக்ஸ்ரே பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆகவே படம் எடுப்பதை எக்காரணம் கொண்டும் தவிர்க்க வேண்டாம்.

ஆறு நிலைகள்

காறை எலும்பு விலகலை 6 நிலைகளாக டாக்டர்கள் பிரிக்கிறார்கள். ராக்வுட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1984இல் வகுத்த முறை இது.

1ஆம் நிலை: நார் இழுபட்டிருக்கிறது, அறவில்லை. வலி உண்டு, மேடு இல்லை.

2ஆம் நிலை: மூட்டைச் சுற்றிய நார் அறுந்திருக்கிறது. உள்ளே இருக்கும் பலமான நார் அறவில்லை. லேசான மேடு தெரியலாம்.

3ஆம் நிலை: இரண்டு கட்டுமே அறுந்துவிட்டன. மேடு நன்றாகத் தெரியும்.

4ஆம் நிலை: எலும்பின் முனை பின்பக்கமாகப் போய்த் தசையில் சிக்கியிருக்கும்.

5ஆம் நிலை: மேடு மிகவும் அதிகம், எலும்பு தோலுக்கு அடியில் முட்டி நிற்கும்.

6ஆம் நிலை: எலும்பு கீழ்ப்பக்கம் போய்விடும். இது மிக அபூர்வம்.

1, 2 நிலைகளுக்கு ஆபரேஷன் தேவையில்லை என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. 4, 5, 6 நிலைகளுக்குப் பெரும்பாலும் ஆபரேஷனைத்தான் சொல்வார்கள். நடுவில் இருக்கும் 3ஆம் நிலையில்தான் குழப்பம். இன்று பெரும்பாலான டாக்டர்கள் இதற்கும் முதலில் ஆபரேஷன் இல்லாத சிகிச்சையையே தொடங்குகிறார்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கனடாவில் 3 முதல் 5 வரையான நிலைகளில் இருந்த 83 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கொக்கி பிளேட் வைத்தார்கள். மறு பிரிவுக்குக் கைத்தொட்டில், பயிற்சி மட்டும். முடிவு 2015இல் வெளிவந்தது. முதல் மூன்று மாதம் ஆபரேஷன் செய்யாதவர்களின் கைதான் நன்றாக வேலை செய்தது. அதற்குப் பிறகு, இரண்டு வருடம் வரை பார்த்ததில், இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரே படத்தில் மட்டும் ஆபரேஷன் செய்தவர்களின் எலும்பு நேராக இருந்தது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2019இல் இப்படிப்பட்ட 6 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒரு வருடம் கழித்துக் கையின் செயல்பாட்டில் ஆபரேஷனால் கூடுதல் பலன் தெரியவில்லை என்றே அதுவும் சொன்னது.

ஆனால் ஒரு விஷயத்தை நாம் மறக்கக் கூடாது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள். நாற்று நட்டு, தலைச்சுமை தூக்கி, கிணற்றில் தண்ணீர் சேந்துகிற பெண்களைத் தனியாக வைத்துப் பார்த்த ஆய்வுகள் அல்ல அவை. அதனால் நாம் என்ன வேலை செய்கிறோம் என்பதை டாக்டரிடம் நாம்தான் சொல்ல வேண்டும். "கூலி வேலை" என்று ஒரு வார்த்தையில் சொல்லாமல், எவ்வளவு சுமை, தலைக்கு மேல் கையைத் தூக்கும் வேலையா, எந்தக் கை என்று விவரமாகச் சொல்லுங்கள்.

இரண்டு வழியிலும் நல்லதும் கெட்டதும் உண்டு

ஆபரேஷன் செய்தால் எலும்பு நேராக நிற்கும், மேடு குறையும். ஆனால் சீழ் பிடிக்கலாம், வைத்த பொருள் தளரலாம், எலும்பு மறுபடி விலகலாம். கொக்கி பிளேட் வைத்தால் சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும். அந்தச் செலவை முதல் நாள் பல இடங்களில் சொல்வதில்லை. ஆபரேஷன் செய்தாலும் பல வாரம் கைத்தொட்டில் உண்டு, பயிற்சி உண்டு. "ஆபரேஷன் பண்ணிட்டா அடுத்த வாரமே வேலைக்குப் போயிடலாம்" என்பது தவறு.

ஆபரேஷன் செய்யாவிட்டால் கீறல் இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவு குறைவு. ஆனால் 3ஆம் நிலையில் மேடு அப்படியே நிற்கும். சிலருக்கு மூன்று மாதம் பயிற்சி செய்தும் வலியும் பலக்குறைவும் போகாது. அவர்களுக்கு அப்போது ஆபரேஷன் செய்யலாம். வாசல் மூடிவிடுவதில்லை. ஆனால் தாமதமாகச் செய்யும்போது வேறு நாரை எடுத்து வைத்துக் கட்ட வேண்டிவரலாம், வேலை பெரிதாகும். அதனால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு முறை கட்டாயம் டாக்டரிடம் திரும்பிப் போய்க் காட்ட வேண்டும். "வலி குறைஞ்சிடுச்சே" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

உடனே ஓட வேண்டிய நேரம்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள்.

• கை மரத்துப்போதல், குளிர்ந்துபோதல், நிறம் வெளுத்தல்
• விரலை அசைக்க முடியாமை
• எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வருவது போல இருத்தல், அல்லது அந்த இடத்தில் காயம்
• மூச்சுத் திணறல், நெஞ்சு வலி
• தலையில் அடி, மயக்கம், கழுத்து வலி

வேறொரு உறுப்பினரின் மகனுக்கு எலும்பு முனை பின்பக்கம் போயிருந்தது. பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்த பிறகுதான் அது தெரிந்தது. அவருக்கு ஆபரேஷன்தான் சரி என்றார்கள், செய்தார்கள், நன்றாக இருக்கிறார். "அந்த அக்காவுக்கு வேண்டாம்னாங்களே" என்று அவர்களும் இருந்திருந்தால் கஷ்டம் வந்திருக்கும். ஒருவருக்குச் சொன்ன வைத்தியம் இன்னொருவருக்கு ஆகாது.

எண்ணெய் போட்டு உருவுவது, மேட்டை அழுத்திக் கட்டுவது இரண்டும் வேண்டாம். அறுந்த நாரை உருவிச் சேர்க்க முடியாது. இறுக்கிக் கட்டினால் தோல் புண்ணாகும், ரத்த ஓட்டம் தடைபடும்.

டாக்டரிடம் கேட்க ஏழு கேள்விகள்

1. எனக்கு எத்தனையாவது நிலை?
2. எலும்பு பின்பக்கம் போயிருக்கிறதா? பக்கவாட்டுப் படம் எடுத்தாயிற்றா?
3. ஆபரேஷன் இல்லாமல் வைத்தியம் செய்தால் என் கை எப்படி இருக்கும்?
4. இரண்டு வாரம் பொறுத்து முடிவு செய்தால் எனக்கு ஏதாவது கெடுதல் உண்டா?
5. என்ன வைக்கப்போகிறீர்கள்? அதைத் திரும்ப எடுக்க வேண்டுமா?
6. எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா?
7. எத்தனை மாதம் சுமை தூக்கக் கூடாது?

இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எக்ஸ்ரே படத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுடையது. காப்பீட்டு அட்டையையும் குடும்ப அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104க்கு போன் செய்யலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

மருந்துக்கடையில் "ஆர்ம் ஸ்லிங்" என்று கேட்டால் கைத்தொட்டில் தருவார்கள். முழங்கையை நன்றாகத் தாங்கும்படி மாட்ட வேண்டும். நிலையைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வாரம் வரை தேவைப்படும். முதல் சில நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வலி மாத்திரை வாங்கும் முன் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் இறுகிவிடும். அக்குளில் ஈரம் நிற்காமல் துடையுங்கள். ரவிக்கை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள்.

வலி குறைந்து டாக்டர் சொன்ன பிறகு, திண்ணையை நல்ல கையால் பிடித்துக் குனிந்து, அடிபட்ட கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஊஞ்சல் போல ஆட்டலாம். அடுத்து, சுவரில் எறும்பு ஊர்வது போல விரல்களால் ஏறலாம். பலம் சேர்க்கும் பயிற்சி சுமார் ஆறு வாரம் கழித்துத்தான். 3ஆம் நிலையில் குடம், விறகுக்கட்டு, தலைச்சுமை எல்லாம் சுமார் மூன்று மாதம் கழித்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

குழு என்ன செய்யலாம்?

60,000 ரூபாயை வெளியில் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,800 ரூபாய் வட்டிக்கே போகும். வருடத்துக்கு 21,600. ஆபரேஷன் தேவை என்றால் செய்துதான் ஆக வேண்டும், அதற்குக் குழு கடன் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தேவையா என்று இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுப்போம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஓய்வு. "ஆபரேஷன் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னவுடன், "அப்போ ஒண்ணுமில்லை, வேலையைப் பாரு" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். நாமும் மறுநாளே குடத்தைத் தூக்கிவிடுகிறோம். கைத்தொட்டிலும் வைத்தியம்தான். மூன்று வாரம் ஓய்வு கிடைக்காத கைக்கு அந்த வைத்தியம் பலிக்காது. அந்த அக்காவுக்குக் குணமானதற்குக் காரணம் அவருடைய குழு முறைபோட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததும், கூலி போன நாட்களுக்குச் சின்ன உள்கடன் கொடுத்ததும்தான்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் யாருக்காவது தோளில் அடிபட்டதுண்டா? அப்போது முடிவெடுத்தது யார்? அவரிடம் கேட்டார்களா?
2. நம் உறுப்பினர்கள் எல்லோரிடமும் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? இல்லாதவர்கள் பெயரை எழுதுங்கள்.
3. ஒரு உறுப்பினர் மூன்று வாரம் கையைத் தூக்கக் கூடாது என்றால், அவர் வீட்டு வேலையில் எதை யார் செய்து கொடுக்க முடியும்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். யாராவது விழுந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.