குறைந்தது எங்கே போனது?

அன்புள்ள தம்பிக்கு,

இத்தனை காலம் ஆக்டிங் டிரைவராக ஊரார் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த நீ, சொந்தமாக ஒரு மஞ்சள் போர்டு வண்டி எடுத்துவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. 2018 மாடல், பி.எஸ்.4 டீசல், லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது, மாதா மாதம் ட்யூ. எதையெல்லாம் வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதைப் பட்டறைக்கு விட வேண்டும் என்று கேட்டிருந்தாய். பட்டறையிலேயே வயதைக் கழித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சவாரி இல்லாத நேரத்தில் நிதானமாகப் படி.

மட்டம் குறைந்தால் ஊற்று என்றுதான் எல்லோரும் சொல்லித்தருவார்கள். பங்க்கில் நிற்கும் பையன்கூட அதைச் சொல்லிவிடுவான். நான் வற்புறுத்துவது அதற்கு முந்தைய காரியத்தை. குறைந்தது எங்கே போனது என்று கேட்டு, பதில் கிடைத்த பிறகு ஊற்று. டீசல் எரிந்து தீர்வதற்காகவே ஊற்றப்படுகிறது. கூலன்டும் பிரேக் ஆயிலும் அப்படியில்லை, மூடிய பாதைக்குள்ளேயே சுற்றிவர வேண்டியவை. என்ஜின் ஆயில் ஓட ஓடச் சிறிது குறையலாம், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை மீறி மட்டம் இறங்கினால் வெளியே ஒழுகுகிறது, அல்லது உள்ளே எரிகிறது, அல்லது போகக்கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. கேட்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பவன், வண்டி காட்டும் அடையாளத்தைத் தன் கையாலேயே அழிக்கிறான்.

என்ஜின் ஆயிலிலிருந்து தொடங்குவோம். காலையில் முதல் சவாரிக்கு முன், ஸ்டார்ட் செய்வதற்கும் முன்பாகப் பானெட்டைத் திற. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் முழுவதும் சம்ப்பில் இறங்கியிருக்கும். பகலில் பார்ப்பதானால் என்ஜினை அணைத்துவிட்டு ஐந்து பத்து நிமிடமாவது பொறு. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் நடைபாதைமேல் ஏறியிருந்தால் ஸ்டிக் காட்டும் அளவு பொய். ஸ்டிக்கை உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மறுபடி அடிவரை இறக்கி, எடுத்துப் பார். முதலில் உருவும்போது தெரிவதைக் கணக்கில் கொள்ளாதே. குழாயின் உட்சுவரில் ஒட்டியிருந்த ஆயிலெல்லாம் அதில் தடவி வந்திருக்கும்.

இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். நிறைய இருந்தால் நல்லது என்ற எண்ணம் நம் டிரைவர்களிடம் ஊறிப்போன ஒன்று, அதை நீ விட்டுவிட வேண்டும். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் பிரஷர் நிற்காது. சீல்களும் கசியத் தொடங்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சில நிமிடம் விட்டு, மறுபடி அளந்து பார்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். எரிந்த கரி அதில் சேர்வதால் வரும் கறுப்பு அது. கரியைப் படியவிடாமல் தன்னோடு சுமப்பதும் ஆயிலின் வேலைதான். கறுப்பைக் காட்டி உடனே மாற்றச் சொல்கிறவரிடம் மயங்காதே. ஸ்டிக்கில் வெளுத்த பழுப்பாக, தண்ணீர் கலந்து குழம்பிய நிறம் தெரிந்தால் மட்டும் வண்டியை எடுக்காதே. ஹெட் கேஸ்கட் போய்க் கூலன்ட் உள்ளே வந்திருக்கலாம். ஊற்றாமலே மட்டம் கூடியிருந்தாலும் அதே எச்சரிக்கைதான். கூலன்டோ டீசலோ ஆயிலுக்குள் இறங்குகிறது என்று பொருள். குறைவதைக் கண்டு பதறுகிறவர்கள் கூடியிருப்பதைக் கண்டு நிம்மதி அடைவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டாவதுதான் அதிக பயம்.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு இருக்கிறதே, எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருபோதும் இருந்துவிடாதே. பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கு ஆயிலின் பிரஷரை மட்டுமே அறியும், மட்டத்தை அறியாது. பிரஷர் விழும் அளவுக்கு ஆயில் குறைந்த பிறகுதான் அது எரியும். அந்தக் கணமே ஓரங்கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். பேரிங்குகள் ஆயில் இல்லாமல் சில நிமிடம்கூடத் தாங்காது. பின்சீட்டில் இருப்பவர் ரயிலுக்கு நேரமாகிறது என்று துடித்தாலும் அவருக்கு வேறு வண்டி பிடித்துக்கொடுத்து அனுப்பு.

எப்போது ஆயில் மாற்றுவது என்பதில் டாக்ஸிக்காரர்கள் கணக்குத் தவறுகிறார்கள். சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு 10,000 கிலோமீட்டர் ஓட ஒரு வருடம் ஆகலாம். நீ நாளுக்கு 250 கிலோமீட்டர் ஓட்டினால் 40 நாளில் அது வந்துவிடும். அதனால் மாதக் கணக்கு உனக்குப் பயன்படாது. கிலோமீட்டர் கணக்கும் முழுதாகப் போதாது. மீனம்பாக்கத்தில் விமானத்துக்காக ஏ.சி. போட்டுக் காத்திருக்கும்போதும், ஓ.எம்.ஆர். சிக்னல்களில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதும் மீட்டர் நகராது, என்ஜின் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். கடுமையான ஓட்டத்துக்கு முன்கூட்டியே ஆயில் மாற்றச் சொல்லும் பகுதி பல கம்பெனிகளின் கையேட்டில் உண்டு. உன் வண்டியின் கையேட்டில் அது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையே பின்பற்று. கிரேடும் அதில் எழுதியிருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு கிரேடுக்கு மாறாதே.

அடுத்தது கூலன்ட். என்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டப்பாவின் வெளியிலிருந்தே மட்டம் தெரியும், மூடியைத் திறக்க வேண்டியதில்லை. சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. மூடியைத் தளர்த்தி அழுத்தம் விட்ட நொடியில் கொதித்துச் சீறும், முகமும் கையும் வெந்துபோகும். என்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றக்கூடும், அங்கேயும் கையை விடாதே.

நம் ஊரில் பனியா விழுகிறது, தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலைதான். கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினிய ஹெட்டும் ரேடியேட்டரும் அரிக்காமல் பார்த்துக்கொள்வதும்தான் நமக்கு முக்கியம். சென்னை போர் தண்ணீரை ஊற்றினால், கெட்டிலின் அடியில் படிகிற அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கத்திரி வெயிலில், ஏ.சி. ஓடுகையில், ஒரு மேம்பாலத்தின் மேல் அது உன்னை நிறுத்திவிடும். கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பெரும்பாலும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்பதும் உண்டு, அதில் மறுபடி தண்ணீர் சேர்க்காதே. பச்சையும் சிவப்பும் கம்பெனி போடும் சாயம், நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று நம்பிவிட முடியாது. வழியில் வேறு கதியில்லை என்றால் வெறும் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம், வந்ததும் ஃப்ளஷ் செய்துவிடு.

கூலன்ட் குறைந்தால் கேள்வியை விடாதே. ஹோஸ் இணைப்புகளில் காய்ந்த வண்ணத் தடம் இருக்கிறதா, வாட்டர் பம்ப்பின் அடியில் கசிவு தெரிகிறதா, முன்சீட்டின் கால்மிதி நனைந்திருக்கிறதா, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா என்று வரிசையாகப் பார். மீட்டர் முள்ளை மட்டும் நம்பி ஓட்டவும் வேண்டாம். கூலன்ட் முழுக்க வற்றிவிட்டால் சென்சார் காற்றில் தொங்கும். என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிக் காட்டலாம். இன்னொன்று, கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் நஞ்சு. சிந்தியதை உடனே கழுவிவிடு. உன் தெருவில் குழந்தைகளும் நாய்களும் இருக்கிறார்கள்.

பிரேக் ஆயில் மட்டம் எந்தக் கசிவும் இல்லாமலே மெல்ல இறங்கும். பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் முன்னே நகரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே போகும். அதனால் மட்டம் இறங்கியிருந்தால் பாட்டிலைத் தேடாமல் பேட்டின் தடிமனைப் பார்க்கச் சொல். தேய்ந்த பேட்டோடு நிரப்பிவைத்தால், புதுப் பேட் போட்டு பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது ஆயில் வழிந்து பெயின்டை அரிக்கும். சட்டென்று இறங்கினால் கசிவுதான், வண்டியை எடுக்காதே. பல வண்டிகளில் கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கும், அந்தப் பக்கமும் பார்க்கச் சொல். என்ஜின் ஆயில் ஒரு துளிகூட இதில் கலக்கக் கூடாது. ரப்பர் சீல்கள் உப்பி, பிரேக் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலைக்கு அந்த விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. பழைய ஆயிலோடு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகி மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. கொல்லிமலையில் வளைவுகள் 70. சுற்றுலாச் சவாரி எடுக்கப் போகிறாய், ஒரு குடும்பமே உன்னை நம்பி உட்கார்ந்திருக்கும். மட்டம் சரியாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்று. இறக்கத்தில் இரண்டாம் கியரில் வா. திறந்து வைத்த பழைய பாட்டிலிலிருந்து எதையும் ஊற்றாதே.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திறக்கக்கூடிய பேட்டரியானால் தகடுகள் மூழ்கும்படி டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்று, அருகில் தீக்குச்சி கிழிக்காதே. டயரில் ஏர் பார்ப்பது குளிர்ந்திருக்கும்போது. எவ்வளவு என்பதை டிரைவர் கதவருகில் ஒட்டிய அட்டவணை சொல்லும். ஸ்டெப்னிக்கும் ஏர் பார்க்க வேண்டும், அதை எல்லோரும் மறக்கிறார்கள். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரைச் சர்வீஸின்போது வடித்துவிடச் சொல்.

இரவில் வண்டியின் அடியில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை விரித்து வை. எங்கே போனது என்ற கேள்விக்குப் பாதி பதில் விடிவதற்குள் அதில் விழுந்திருக்கும். நிறமில்லாத சுத்தத் தண்ணீர் என்றால் ஏ.சி.யுடையது, கவலை வேண்டாம். முன்பகுதியில் கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். சாயத்தோடு பிசுபிசுத்தால் கூலன்ட். சக்கரத்தருகே மெல்லிய, வழுவழுத்த துளி இருந்தால் பிரேக். அன்றைக்குச் சவாரி கிடையாது.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கவனம் வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகளை நாம் பார்த்தோம். தண்ணீரில் நின்ற வண்டியை ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்து பார்க்காதே. காற்றை அமுக்குகிற மாதிரி தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் அது இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி மேட்டில் நிறுத்திவிட்டு, ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார், பிறகு பட்டறைக்குச் சொல்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே. பிரேக் லைனைத் திறப்பது, கியர் ஆயில் பார்ப்பது, ஏ.சி. கேஸ், இதெல்லாம் பட்டறைக்காரர் வேலை. அங்கே போகும்போது வெறுங்கையோடு போகாதே. ஒரு சின்ன நோட்டில் தேதி, கிலோமீட்டர், எந்த மட்டம் எங்கே இருந்தது, எவ்வளவு ஊற்றினாய் என்று ஒரு வரி எழுதி வை. "ஆயில் சாப்பிடுது" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று காட்டினால், உன்னிடம் தேவையில்லாத வேலையைச் சொல்லவும் தயங்குவார்கள்.

முதல் மாதம் முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. பழைய ஓனர் போன வருடம் வாட்டர் பம்ப் மாற்றியதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தாய், அதனால் கூலன்ட் வரியைத்தான் முதலில் பார்ப்பேன். இறங்கியிருந்தால் எஃப்.சி.க்குக் கொண்டுபோவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு இங்கே வா. என்ஜின் ஆறட்டும், அதற்காகக் காலையிலேயே வந்துவிடு.

அன்புடன்,
அண்ணன்