காது அடைப்பு: துண்டில் என்ன எழுதியிருக்கிறது?



"புள்ளைக்குக் காது அடைச்சுப் போச்சுங்க" என்று டிஸ்பென்சரியில் போய்ச் சொல்கிறோம். ஏதோ மருந்து கிடைக்கிறது. துண்டில் 'காதுவலி' என்று எழுதியிருக்கும். இரண்டு மாதம் கழித்தும் இதே கதை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்குள்ள டொக்டரின் கையில் 'காதுவலி' என்ற ஒரே சொல்தான் இருக்கும். எந்தக் காது, எத்தனை நாள், சளியோடு வந்ததா, ஒன்றும் தெரியாது. எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். ஒரு நாள் பேரும் போச்சு, பஸ் காசும் போச்சு.

அதனால் இந்த முறை காதுக்குள் உள்ள ஒரு குழாயைப் பற்றியும், அது அடைத்தால் வருத்தத்தின் பெயரைச் சரியாக எழுதி வாங்குவது பற்றியும் படிப்போம்.

அட்டன் பக்கமிருந்து கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு பஸ்ஸில் இறங்கும்போது காது 'கும்'மென்று அடைக்கும் அல்லவா? எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறந்துகொள்ளும். அப்படித் திறப்பதுதான் அந்தக் குழாய். செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்பக்கம் வரை இந்தக் குழாய் ஓடுகிறது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய மூன்றரை சென்ரிமீற்றர் நீளம். அறைக்குக் காற்றைக் கொண்டுபோவதும், அங்கே ஊறும் நீரை வடிய விடுவதும் அதன் வேலை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த எவுஸ்தாக்கி என்ற வைத்தியரின் பெயரால் யூஸ்டேக்கியன் குழாய் என்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது குட்டையானது, ஒடுங்கியது, சரிவில்லாமல் படுத்த மாதிரி இருப்பது. தடிமன் பிடித்தால் சீக்கிரம் அடைத்துவிடும். மூக்கின் பின்னால் உள்ள சதை வளர்ந்தாலும் அடைக்கும். லயத்து அடுப்புப் புகை, பீடி சிகரட் புகை இரண்டும் இதற்குக் கெடுதல். குழாய் அடைத்தால் உள்ளே காற்று குறைந்து, செவிப்பறை உள்வாங்கி, அறையில் நீர் தேங்குகிறது. இதில் மோசமான விஷயம் என்னவென்றால், பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. பிள்ளைக்குக் காது மந்தமாவது மட்டும்தான். ரீ.வி.யைச் சத்தமாக வைக்கும், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது. வீட்டில் "சொல் பேச்சுக் கேக்குறதில்ல" என்று அடி. பள்ளிக்கூடத்தில் 'படிப்பு ஏறாத பிள்ளை' என்று பெயர். அந்தப் பிள்ளை என்ன செய்யும், பாவம்!

இங்கே ஒரு விஷயம். காய்ச்சிய தேங்காய் எண்ணெய், உள்ளிச் சாறு எதையும் காதில் ஊற்ற வேண்டாம். குழாய் இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம். ஊற்றும் எண்ணெய் இந்தப் பக்கமே நின்றுவிடும். பறையில் ஓட்டை இருந்தாலோ உள்ளே போய்க் கெடுதல் செய்யும்.

இனி பெயருக்கு வருவோம். உலக சுகாதார ஸ்தாபனம் எல்லா வருத்தங்களுக்கும் எண் போட்டு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் 10ஆவது பதிப்பு 1990இல் அங்கீகரிக்கப்பட்டது; 11ஆவது 2022இல் நடைமுறைக்கு வந்தது. 10ஆவது பதிப்பில் வெறும் காதுவலிக்கு எச் 92.0. குறும்பி அடைப்புக்கு எச் 61.2. இந்தக் குழாய் அடைப்புக்கு எச் 68.1. சீழ் இல்லாமல் உள்ளே நீர் தேங்கினால் எச் 65. நாம் எல்லாவற்றுக்கும் 'காது அடைப்பு' என்கிறோம். பட்டியலில் நாலும் வேறு வேறு, வைத்தியமும் வேறு வேறு. குறும்பியை எடுத்தால் வேலை முடிந்தது. நீர் தேங்கியிருந்தால் மாதக் கணக்கில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த எண்ணை வைத்துத்தான் காப்புறுதிக் கம்பனி காசு கொடுக்கும். 2015 ஒக்டோபரிலிருந்து அங்கே எந்தக் காது என்பதற்கும் எண் உண்டு: எச் 68.101 என்றால் வலது, 102 இடது, 103 இரண்டும். எந்தக் காது என்று எழுதாவிட்டால் 109. நமக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. எண்ணை மனப்பாடம் செய்யவும் வேண்டாம். ஆனால் டொக்டர் எழுதும் பெயரிலிருந்துதான் எண் பிறக்கிறது. டொக்டர் எழுதுவதோ பாதி நாம் சொல்வதிலிருந்து வருகிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"ஐயா, தடிமன் புடிச்சு ரெண்டு மாசமாச்சு. வலது காது. சீழ் வரல, வலியும் இல்ல. கூப்பிட்டா கேக்கமாட்டேங்குது. வகுப்புலயும் கேக்கலையாம். என்ன வருத்தம்னு கொப்பியில எழுதிக் குடுங்க."

இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை, அது உங்கள் உரிமை. தேங்கிய நீர் அநேகமான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். அதனால் டொக்டர் "பொறுத்துப் பார்ப்போம்" என்றால் அவர் தட்டிக் கழிக்கவில்லை. ஆனால் பொறுக்கத் தொடங்கிய திகதி கொப்பியில் இருக்க வேண்டும். மூன்று மாதம் தாண்டியும் கேட்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் கேள்விப் பரிசோதனை செய்வார்கள். தேவைப்பட்டால் செவிப்பறையில் குரொமெட் என்ற மிகச் சின்னக் குழாயை வைப்பார்கள். அநேகமாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டு, அது தானாக விழுந்துவிடும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. தடிமன் இல்லாமலே ஒரு காது மட்டும் வாரக் கணக்கில் அடைத்திருந்தால் சும்மா விடாதீர்கள். மூக்கின் பின்னால் கட்டி ஏதும் குழாயை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

காசு விஷயம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காப்புறுதியில் பணம் கேட்பதானால், பொதுவாக டயக்னோசிஸ் கார்ட், பில், மருந்துத் துண்டு எல்லாவற்றையும் கேட்பார்கள். கார்டில் 'காதுவலி', பில்லில் குரொமெட் ஒப்பரேஷன் என்று இருந்தால் கேள்வி வரத்தான் செய்யும். துண்டு வெட்டுமுன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பிள்ளையின் பெயர், திகதி, எந்தக் காது, வருத்தத்தின் பெயர். வாசிக்கத் தெரியாவிட்டால் அங்கேயே நர்ஸம்மாவிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிழையை அன்றைக்கே திருத்துவது சுலபம். மூலக் கார்டை யாரிடமும் கொடுக்குமுன் போட்டோ பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிறப்புச் சான்றிதழ் வைக்கிற பையிலேயே போட்டு, புகையும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.