அத்தைக்கு ஒரு மேசைவிரிப்பு

கேள்வி: இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் அம்மாவுக்குத் தன் கையாலேயே குரோஷா மேசைவிரிப்பு பின்னித் தரப்போவதாகக் கிளம்பியிருக்கிறாள் என் மனைவி. ஆறு பேர் உட்காரும் மேசை. 5 அங்குலச் சதுரங்களாகப் பின்னி இணைக்கப்போகிறாளாம். தொடங்கிப் பத்து நாளில் 14 சதுரம்தான் முடிந்திருக்கிறது. பண்டிகைக்கு இன்னும் 40 நாள். நடுராத்திரி வரை விளக்கு எரிகிறது. "கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாமே" என்றேன். இரண்டு நாள் பேச்சே இல்லை. என்ன செய்ய?

— நாகர்கோவில் வாசகர்

பதில்: அந்த வார்த்தைக்கு இரண்டு நாள் மௌனம் குறைவுதான், தம்பி.

கணக்கைப் பார்ப்போம். அந்த மேசைக்கு 60க்கு 90 அங்குல விரிப்பு வேண்டும். 12 வரிசை, வரிசைக்கு 18, ஆக 216 சதுரம். மெல்லிய பருத்தி நூலில் கைதேர்ந்தவருக்கே ஒரு சதுரத்துக்கு முக்கால் மணி ஆகும். மீதி 202-க்கு 150 மணி நேரத்துக்கும் மேல். தினமும் ஐந்து சதுரம் விழ வேண்டும். இப்போது ஒன்றரைகூட விழவில்லை. சதுரத்துக்கு இரண்டாகத் தொங்கும் 432 நூல் நுனிகளையும் ஊசியால் உள்ளே செருக வேண்டும். பின்னுகிறவர்கள் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நானும் சேர்த்ததில்லை, ஒரு தொட்டில் போர்வை குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கணக்கை மனைவியிடம் ஒப்பிக்காதீர்கள். முடிந்த சதுரங்களை உங்கள் வீட்டு மேசையின் நடுவில் மூன்று மூன்றாக நீளவாக்கில் அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே 15 வரிசை வந்தால் 15க்கு 75 அங்குலத்தில் அழகான நடுவிரிப்பு. மொத்தம் 45 சதுரம், மீதி 31. இப்போதைய வேகத்திலேயே சுமார் மூன்று வாரம் போதும். மீன்குழம்புத் தட்டு விளிம்பில் இருக்க, விரிப்பு நடுவில் பிழைத்துக்கொள்ளும். மேசை முழுக்க மூடினால் உங்கள் அம்மா அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டுவிடுவார், அல்லது பீரோவில் அந்துருண்டையோடு பூட்டிவிடுவார்.

சின்னதாகிவிட்டதே என்று மனைவி வருந்தினால், உங்கள் ஊர்க் கதையையே சொல்லுங்கள். மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பிஷப் கால்டுவெல்லை மணந்த அவர் மகள் எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். லேஸ் என்றாலே பெரும்பாலும் இரண்டு விரல் அகலக் கரைதானே! அதற்கே நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மீதி நூலை ஒரே தடவையில் வாங்கச் சொல்லுங்கள். வெள்ளையிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு சாயல் மாறும், பக்கத்தில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். பின்னி முடித்ததும் அலசி, லேசாகக் கஞ்சி போட்டு, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். டிசம்பர் மழையில் சீக்கிரம் காயாது. ஒரு வாரம் கையில் இருக்கட்டும்.

உங்களுக்கும் வேலை உண்டு. அச்சுமுறுக்கு, வாசலில் நட்சத்திரம் கட்டுவது, ஒட்டடை எல்லாம் இந்த வருடம் உங்கள் பொறுப்பு. ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மொட்டை ஊசியால் நூல் நுனிகளைச் செருகுங்கள். 45 சதுரத்துக்கு 90 நுனிதான். முதல் பத்து கோணலாக வரும், பிரித்துவிட்டு மறுபடி செருகுங்கள்.